மூன்று டப்பா, இரண்டு ரிவால்வர், ஓர் ஊதுபத்தி

72 ரிங்கிட், மூன்று ஸ்பிரே டப்பாக்கள். ஒன்று கழுவுவதற்கு, ஒன்றில் சிவப்புச் சாயம், ஒன்றில் வெள்ளைப் பூச்சு. உலோகத்தில் மயிரிழையாக ஓடும் விரிசலைக் காட்டிக்கொடுக்கும் இந்தச் செட்டை 31 ஆண்டுகள் கம்பெனிக் கணக்கில் தெளித்துத் தீர்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு சொந்தக் காசில் வாங்கியது இதுதான் முதல் தடவை. கம்பெனிப் பணம் என்றால் ஒரு டப்பாவின் மூக்கு அடைத்துக்கொண்டதும் அடுத்ததை எடுத்துக்கொள்வோம். சொந்தப் பணம் என்றால் அந்த மூக்கை ஊசியால் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆகவே இந்த மதிப்புரையில் கொஞ்சம் கோபம் இருக்கும்.

வாங்கியது கோலாலம்பூரில், புடு பக்கம், வெல்டிங் சாமான் விற்கும் ஒரு கடையில். கடையின் பெயரையும் டப்பாவின் பெயரையும் எழுதப்போவதில்லை. குறை சொல்லிவிட்டுப் பெயரும் சொன்னால் வம்பு. தவிரவும், எந்த நிறுவனத்தின் செட்டை வாங்கினாலும் உள்ளே இருப்பது இதே மூவர்தான்.

எதற்கு வாங்கினேன் என்று கேட்டால், பழைய ரிவால்வர் பார்ப்பதற்கு.

என் மனைவியின் அண்ணன் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நகைக்கடை வைத்திருக்கிறார். இரவில் கடையைப் பூட்டிவிட்டுச் சரக்கும் பணமுமாக வீடு திரும்பும் தொழில் என்பதால் பல ஆண்டுகளாகத் துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர். அவரிடம் இருப்பது எஃகு ரிவால்வர், ஐந்து குண்டு பிடிப்பது, இரண்டு அங்குலக் குழல். வெறும் எடையே அரைக் கிலோவுக்கு மேல், 550 கிராம் வரும். அவருக்கு வயது 64, இடுப்பு வலி வேறு. அதே அளவில், 400 கிராம் சுமாருக்கு வரும் அலுமினிய ஃபிரேம் (உடல்கூடு) ரிவால்வர்கள் இரண்டு ஒரு கடைக்குப் பழையதாக வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போலீஸ் அனுமதியை முறையாக வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், தங்கத்தில் வெடிப்பு இருந்தால் நான் சொல்லிவிடுவேன். இதில் எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் ஒருநாள் வந்து பாருங்கள்."

என் வேலை துப்பாக்கியோடு அல்ல. செம்பனை எண்ணெய் ஆலைகளில் பழக்குலையை நீராவியில் வேகவைக்கும் பெரிய உருளைகள் இருக்கும். அவற்றின் கதவு, கீல், வெல்டிங் கோடு இவற்றில் விரிசல் தேடுவதுதான் என் சோறு. ஆனால் விரிசலுக்குச் சாதி கிடையாது. பாய்லரில் ஓடினாலும் ரிவால்வரில் ஓடினாலும் அது ஒரே மாதிரிதான் ஓடும்: கூர்மையான மூலையில் பிறக்கும், இழுவிசை எங்கே அதிகமோ அந்தப் பக்கம் நடக்கும்.

இந்த அலுமினிய ரிவால்வர்களின் வரலாறு பெரியதல்ல. 1950இல் கோல்ட் நிறுவனம் கோப்ராவையும், 1952இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஏர்வெயிட்டையும் கொண்டுவந்தன. சட்டைப்பையில் கனம் தெரியக்கூடாது என்பதே நோக்கம். ஃபிரேம் அலுமினியக் கலவை. குழலும், தொடக்ககால ஏர்வெயிட்களை விட்டால் குண்டு போடும் சிலிண்டரும், எஃகு. அந்த எஃகுக் குழலை அலுமினிய ஃபிரேமுக்குள் மரையில் திருகி, குழலின் தோள்பட்டை போன்ற விளிம்பு முட்டும்வரை இறுக்குகிறார்கள். இறுக்கம் கொஞ்சம் கூடிவிட்டால் சுற்றிலும் உள்ள அலுமினியம் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். துப்பாக்கிக்காரர்கள் கடிகார முள்ளை வைத்து இடம் சொல்வார்கள். குழலுக்கு நேர் கீழே, ஆறு மணி நிலையில், சிலிண்டரைத் தாங்கும் கை உள்ளே மடங்கி அமர்வதற்காக ஃபிரேமைக் குடைந்திருப்பார்கள். அங்கே உலோகம் மெல்லியது. இழுபடும் இடமும் மெல்லிய இடமும் ஒன்றாகச் சேர்ந்தால் விரிசல் எங்கே வரும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

மச்சானுக்கு இதை விளக்க அவர் தொழிலையே எடுத்துக்கொண்டேன். மெல்லிய தங்கக் கூட்டில் கொஞ்சம் பெரிய கல்லை அழுத்தி உட்கார வைத்தால் என்ன ஆகும்? "அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் கழித்து ஒரு மூலையில் விடும்" என்றார். அதேதான். ஒரு வேறுபாடு உண்டு. தங்கக் கூடு விரலில் சும்மா இருக்கிறது. இது ஒவ்வொரு தடவை சுடும்போதும் உதைபடுகிறது. எஃகுக்கு ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை அடித்தாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. வட்டிக்கடைக் கணக்குப் போல ஒவ்வோர் அடியும் ஏறிக்கொண்டே போகும்.

ஆயுதக் கடை நகரத்தின் உள்ளே பழைய கடைவீட்டு வரிசையில் இருந்தது. இரும்புக் கம்பிக் கதவு, மணி அடித்தால் உள்ளேயிருந்து பார்த்துவிட்டுத் திறப்பது எல்லாம் நகைக்கடை மாதிரியேதான். மச்சானின் காகிதங்களைக் கடை முதலாளி, அதாவது தவுக்கே, மூன்று தடவை புரட்டிப் பார்த்தார். என்னிடம் காகிதம் இல்லை என்றதும் ஒரே வாக்கியத்தில் எனக்குக் கோடு கிழித்துவிட்டார்: நீ பார்க்கலாம், தொடக்கூடாது. 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்த நாட்டில் விளையாட்டுச் சமாசாரம் அல்ல, அவர் சொன்னதில் தவறில்லை. கழற்றுவதும் பிடிப்பதும் திருப்புவதும் கடையின் ரிப்பேர்காரர், எழுபதைத் தாண்டிய ஒரு மலாய்ப் பெரியவர். எல்லோரும் அவரைப் பாக் சிக் என்றே கூப்பிட்டார்கள். முப்பது ஆண்டு இந்த வேலை செய்தவன் முதல் தடவையாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் சோதனை செய்தேன்.

அடுத்த தடை, சாமி. கடையின் தரையோரம் சிவப்புப் பீடம். முன்னால் மூன்று ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருந்தன. என் மூன்று டப்பாவும் தீப்பற்றக்கூடியவை. கழுவும் திரவத்தின் ஆவி தரையை ஒட்டிப் பரவும், பீடமும் தரையில். ஊதுபத்தியை அணைக்கச் சொல்லக் கூசியது. தவுக்கே என் முகத்தைப் பார்த்தார், டப்பாவில் இருந்த தீச்சின்னத்தைப் பார்த்தார், "அதுவாக அணையட்டும்" என்று சொல்லிவிட்டுப் பையனைக் கோப்பி வாங்கிவர அனுப்பினார். ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அந்த நேரம் வீண் போகவில்லை. டப்பாவைத் திறப்பதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டியது நிறைய இருந்தது.

பாக் சிக் இரண்டையும் திறந்து, காலி என்று எனக்கும் மச்சானுக்கும் தனித்தனியே காட்டினார். பிறகு பக்கத்துத் தகட்டின் முன் திருகாணியைக் கழற்றி, சிலிண்டரைக் கையோடு முன்பக்கமாக உருவி எடுத்தார். மரக் கைப்பிடிகளையும் கழற்றிவிட்டார். மச்சான் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பத்து மடங்கு பூதக்கண்ணாடி இங்கே மிகவும் உதவியது. ஒளியை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கைவிளக்கைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அப்போதுதான் மேடும் பள்ளமும் நிழல் போடும்.

முதல் ரிவால்வர், அதை மெருகுக்காரன் என்று வைத்துக்கொள்வோம், கண்ணாடி போல் பளபளத்தது. அதற்குத்தான் தவுக்கே அதிக விலை சொன்னார். எனக்கு அந்தப் பளபளப்பு பிடிக்கவில்லை. அலுமினியம் மென்மையான உலோகம். சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால் மேல்தோல் வெண்ணெய் போல் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். உள்ளே விரிசல் இருக்கும், வாய் இருக்காது. வாய் இல்லாத விரிசலுக்குள் எந்தச் சாயமும் போகாது. ஆலைகளில் இப்படித் தேய்த்த பாகம் வந்தால் மெல்லிய அமிலத்தால் மேல்தோலை அரித்துவிட்டுத்தான் சோதிப்போம். ஆயுதக் கடையில் அமிலம் கேட்டால் என்னையும் சேர்த்துக் கழுவி வெளியே விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது அழுக்குக்காரன். கறுப்புப் பூச்சு முனைகளில் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. கைப்பிடி ஓரத்தில் வியர்வைக் கறை. யாரோ பல ஆண்டுகள் இடுப்பில் சுமந்தது. அதிகம் சுட்டது அல்ல. குழலின் பின்முனைக்கு மேலே ஃபிரேமில், சுடும்போது சீறும் சூட்டு வாயு அரித்த தடமே இல்லை, அதிலிருந்து தெரிந்தது. அந்தத் தடம் இருந்தாலும் பலர் நினைப்பதுபோல் அது விரிசல் அல்ல. கொஞ்ச ஆழம் போய்த் தானே நின்றுவிடும்.

சிலர் தட்டிப்பார்த்து மணிச்சத்தம் கேட்டால் நல்லது என்பார்கள். தவுக்கேயும் தட்டிக் காட்டினார். ரயில் சக்கரத்துக்கு அது சரி. உள்ளங்கை அளவு ஃபிரேமில், அதுவும் குழல் திருகியபடி இருக்கும்போது, தட்டி அறிவது பூசணிக்காய் வாங்குவதற்குத்தான் ஆகும்.

ரயில் என்றதும் அப்பா நினைவு. அவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். இந்த டப்பாக்கள் அவர் காலத்தில் இல்லை. நீராவி எஞ்சின் பாகத்தைக் கெட்டி எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த தொட்டியில் ஊறவைப்பார்கள். எடுத்து, துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியைக் கரைத்துப் பூசிக் காயவைப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடு போடும். சிறு வயதில் அவர் காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் சுண்ணத்தூள் இருக்கும்; அம்மா துவைக்கும்போது திட்டுவார். காந்தத்தூள் சோதனை வந்த பிறகு எஃகுக்கு இந்த வேலை குறைந்தது. காந்தம் பிடிக்காத அலுமினிய விமானப் பாகங்கள் பெருகிய 1940களில் அதே பழைய எண்ணெய்ச் சுண்ணம்தான் சாயமாகவும் ஸ்பிரேயாகவும் மறுபிறவி எடுத்தது. மெருகுக்காரனுக்கும் அழுக்குக்காரனுக்கும் காந்தம் உதவாது. அதனால்தான் 72 ரிங்கிட்.

கடைசி ஊதுபத்தி சாம்பலானது. இனி டப்பாக்கள்.

முதல் டப்பா, கழுவுவது. இதில் எனக்குக் குறையே இல்லை. பழைய துப்பாக்கி எண்ணெய், கரி, ஈயப்பொடி எல்லாம் விரிசலுக்குள் முன்னாடியே குடியேறியிருக்கும். அவற்றைக் காலி செய்யாமல் சாயத்துக்கு இடம் கிடைக்காது. நான்கு தடவை தெளித்து, பஞ்சு நூல் விடாத துணியால் துடைத்து, காயவிட்டோம். நான்காவது துணியிலும் லேசாகக் கறுப்பு வந்தது. பாக் சிக் கம்பித் தூரிகையை எடுத்தார். "வேண்டாம், வாய் மூடிவிடும்" என்று நான் கத்தியதில் பையன் கோப்பியைச் சிந்திவிட்டான்.

இரண்டாவது டப்பா, சிவப்பு. நிறம் நல்ல ஆழம், கசிவு நுண்மை, வாசனை சகிக்கும்படி. ஆனால் இதன் மூக்கு தெளிப்பதில்லை, துப்புகிறது. குழல் பொருந்தும் இடத்தில் விரல்நுனி அளவுக்குத் தேவைப்பட்டால் பாதி ஃபிரேமைக் குளிப்பாட்டிவிடும். ஒரு துளி மச்சானின் வெள்ளைச் சட்டையில் மார்புக்கு நேராக விழுந்தது. அங்கிருந்து நேரே கோர்ட் மலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவதாக இருந்தார். குங்குமம் என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன், சிரிக்கவில்லை. வாங்குபவர்களுக்கு என் யோசனை: சாயத்தை ஒரு சிறு மூடியில் பிடித்து, மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்துவிடுங்கள்.

சாயம் ஏதோ மாயத்தால் உள்ளே போவதில்லை. வேட்டியின் நுனி ஈரத்தில் பட்டால் முழங்கால் வரை ஏறுகிறதே, அதே விசைதான் இதை விரிசலுக்குள் இழுக்கிறது. அதற்கு நேரம் வேண்டும். டப்பாவில் 10 நிமிடம் என்று அச்சிட்டிருந்தார்கள். வெல்டிங்குக்கு அது போதும். திரும்பத் திரும்ப அடிபட்ட களைப்பில் பிறந்த இறுக்கமான விரிசலுக்கு 30 நிமிடம் தருவது என் வழக்கம். குளிர்சாதனம் வேறு உலோகத்தைச் சில்லிட வைத்திருந்தது, குளிர்ந்த உலோகத்தில் சாயம் சோம்பேறி. இவ்வளவு தெரிந்தும் மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்து 10 நிமிடத்துக்கு ஒத்துக்கொண்டேன். என் தப்பு.

அடுத்த தப்பு பாக் சிக்குடையது. மேலே மிஞ்சிய சாயத்தைத் துடைப்பதில்தான் இந்தச் சோதனையின் உயிர் இருக்கிறது. முதலில் உலர்ந்த துணி. பிறகு கழுவும் திரவத்தைத் துணியில் தெளித்து, அந்தத் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். பாகத்தின் மேல் நேராகத் தெளிக்கவே கூடாது. தெளித்தால் விரிசலுக்குள் போன சாயமும் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நான் இதை மலாயில் சொல்லி முடிப்பதற்குள் அவர் மெருகுக்காரன் மேல் ஒரு நீண்ட தெளிப்பு தெளித்துவிட்டார். சுத்தமாகத்தான் இருந்தது. அளவுக்கு மீறிய சுத்தம்.

மூன்றாவது டப்பா, வெள்ளை. இதுதான் இந்தச் செட்டின் களங்கம். உள்ளே இருக்கும் இரும்புக் குண்டு அசையவே இல்லை. பொடி அடியில் கட்டியாக உறைந்து குண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அலமாரியில் எத்தனை காலம் இருந்த சரக்கோ. ஐந்து நிமிடம் குலுக்கிய பிறகுதான் 'டக்' என்று ஒரு சத்தம். முதல் தெளிப்பு முழுவதும் பழைய செய்தித்தாளுக்குப் போக வேண்டும், நேராகப் பாகத்தில் அடித்தால் தயிர் போல் ஒரு கட்டி விழும். ஓர் அடி தூரத்திலிருந்து, பனி படர்ந்தது போல், அடியில் உள்ள உலோகத்தின் நிழல் லேசாகத் தெரியும் அளவுக்குத்தான் பூச வேண்டும். கனமாகப் பூசினால் மெல்லிய விரிசலின் கசிவு மேலே வந்து சேராது. இந்த டப்பாவால் மெல்லியதாகப் பூச எனக்கு நான்கு தெளிப்புப் பழக்கம் தேவைப்பட்டது. புதிதாக வாங்கியவர் முதல் தெளிப்பிலேயே ஏமாந்துபோவார்.

பத்து நிமிடம் கழித்து இரண்டு ரிவால்வரிலும் குழல் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு வட்டம் தோன்றியது. மச்சான் "ஐயோ" என்றார். பதறத் தேவையில்லை. எஃகும் அலுமினியமும் சந்திக்கும் மூட்டில் இடுக்கு இருக்கத்தான் செய்யும். சாயம் அங்கே போய்த் திரும்பி வரத்தான் செய்யும். பக்கத்துத் தகட்டின் ஓரம், திருகாணித் தலை, பொறித்த எண்கள் எல்லாமே சிவக்கும். பூச்சுத் தேயாத கறுப்புப் பரப்பு முழுவதும்கூட லேசான ரோஜா நிறம் காட்டும், அந்தப் பூச்சே சாயத்தைக் கொஞ்சம் குடிக்கும் என்பதால். வட்டம் வந்தால் பேசாமல் இருங்கள். வட்டத்துக்குக் கீழே பட்டத்துக்கு இருப்பதுபோல் ஒரு வால் வந்தால்தான் பேச்சு.

இரண்டிலும் வால் இல்லை. அழுக்குக்காரனில் மட்டும் இடப்பக்கம் ஒரு சாய்ந்த கோடு. மச்சான் அதை ஒதுக்கிவிட்டு மெருகுக்காரனுக்கு விலை பேச ஆரம்பித்தார். தவுக்கே சிரித்த முகமாக இருந்தார்.

நான் மட்டும் நகரவில்லை. நேராகத் தெளித்துக் கழுவிய பாகத்தில் வால் வரவில்லை என்பது சாட்சி சொல்ல வந்தவனின் வாயைப் பொத்திவிட்டு, அவன் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்குச் சமம். "மச்சான், இன்னொரு தடவை. இந்தத் தடவை அரை மணி நேரம்" என்றேன். கோயில் நடை சாத்திவிடும் என்றார். பிள்ளையார் நாளைக்கும் இருப்பார் என்றேன்.

முதலில் அந்தச் சாய்ந்த கோட்டைத் தீர்த்தோம். ஈரத்துணியால் துடைத்து, சாயம் சேர்க்காமல் வெள்ளையை மட்டும் மறுபடி பூசினோம். கோடு திரும்பி வரவில்லை. கீறல் வெறும் பள்ளம். ஒரு தடவை துடைத்தால் அதன் சாயம் தீர்ந்துபோகும். விரிசலுக்கு வயிறு உண்டு, துடைக்கத் துடைக்க மறுபடியும் கக்கும். யாரோ திருப்புளி வழுக்கிப் போட்ட கீறல் அது. பக்கவாட்டு விளக்கில் பார்த்தபோது அதன் அடி மின்னியது. விரிசலின் அடி மின்னாது, அதற்கு அடியே தெரியாது.

பிறகு இரண்டையும் ஆதியிலிருந்து. கழுவல், உலர்த்தல், சாயம், குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு 30 நிமிடம். பாக் சிக் இப்போது என்னைவிடக் கவனமாக இருந்தார். துணியில் தெளித்தார், ஒரே திசையில் ஒற்றினார், துணியை மடித்து மடித்துச் சுத்தமான முகத்தைக் காட்டினார். அந்தக் கை என் கையாக இருந்திருந்தாலும் இதைவிட நன்றாகத் துடைத்திருக்காது.

வெள்ளை பூசி மூன்றாவது நிமிடம் வட்டங்கள். ஏழாவது நிமிடம் மெருகுக்காரனின் வட்டத்துக்குக் கீழே, ஆறு மணி நிலையில், ஒரு சிவப்புப் புள்ளி. அது தேய்ந்த பென்சிலால் வைத்த புள்ளி போலத்தான் இருந்தது. பன்னிரண்டாவது நிமிடம் அந்தப் புள்ளிக்கும் வட்டத்துக்கும் நடுவே இன்னும் இரண்டு புள்ளிகள். விரிசலின் வாயை மெருகு அங்கங்கே மூடியிருந்தது, மூடாத இடங்களில் மட்டும் கசிந்தது. இருபதாவது நிமிடம் எல்லாம் சேர்ந்து நாலு மில்லிமீட்டருக்கு ஒரு வால். துடைத்துவிட்டு வெள்ளையை மட்டும் மறுபடி பூசினோம். வால் மறுபடி வந்தது.

அறையில் யாரும் பேசவில்லை. மச்சான் பூதக்கண்ணாடியை வாங்கி நகை பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இப்போது இடம் தெரிந்த பிறகு எனக்கும் தெரிகிறது. முன்னே இரண்டு தடவை பார்த்தேன், தெரியவில்லை" என்றார். எனக்கும் அப்படித்தான். கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பற்றவைத்துச் சரிசெய்யலாமா என்று தவுக்கே கேட்டார். முடியாது. அந்தக் கலவை சூட்டுப் பதப்படுத்தலால் வலிமை பெற்றது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். ஃபிரேமில் விரிசல் என்றால் அந்த ஃபிரேம் முடிந்தது. இது எந்த நிறுவனத்தின் ரிவால்வர் என்று எழுதமாட்டேன். எத்தனை கை மாறியதோ, யார் குழலைக் கழற்றி எவ்வளவு இறுக்கினார்களோ, அதற்குத் தயாரித்தவரைப் பொறுப்பாக்குவது நியாயமல்ல. தவுக்கே அதை எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்து, விலைச் சீட்டைக் கிழித்துப் போட்டார். முகம் வாடியிருந்தது. ஆனால் கிழித்தார்.

அழுக்குக்காரனின் வட்டம் கடைசிவரை வட்டமாகவே இருந்தது. பாக் சிக் கழுவி, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டி, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே தகட்டு அளவுகோலை நுழைத்துப் பார்த்தார்: 0.15 மில்லிமீட்டர். சிலிண்டர் முன்பின் ஆடவில்லை. மச்சான் அதற்கு முன்பணம் கொடுத்தார். அனுமதிக் காகித வேலை முடியும்வரை அது கடையின் பெட்டகத்திலேயே இருக்கும்.

துப்பாக்கிக்கு என்றே இந்தச் செட்டை வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. வெள்ளைப் பொடி ஈரத்தைப் பிடித்துவைக்கும். சோதனை முடிந்ததும் ஒரு துகள் மிச்சமில்லாமல் கழுவாவிட்டால் எஃகுக் குழல் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். மரைக்குள் போன சாயம் மட்டும் எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது. மூன்றாம் நாள் காலை தவுக்கே எனக்கே போன் செய்தார். "உன் மச்சான் துப்பாக்கியில் இரத்தம் வருகிறது" என்றார். வட்டமா, வாலா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்து வந்து, வட்டம் என்றார். துடைத்துவிட்டு எண்ணெய் போடச் சொன்னேன்.

மதிப்பெண் கேட்பீர்கள். கழுவும் டப்பாவுக்குப் பத்துக்கு ஒன்பது. சிவப்புக்கு ஏழு, மூக்குக்காக மூன்று வெட்டு. வெள்ளைக்கு மூன்று. அது பாதியிலேயே வாயு தீர்ந்து செத்துவிட்டது. குலுக்கினால் உள்ளே திரவம் ஆடுகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. புடு கடைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். திறந்த டப்பாவை மாற்றித் தரமாட்டோம், வெள்ளை மட்டும் தனியாக 26 ரிங்கிட் என்றார்கள். அங்கேயே நின்று மூன்று டப்பாவைக் குலுக்கிப் பார்த்து, குண்டு ஆடுகிற ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.